அம்பத்தூரில் தொழிற்சாலை கிடைக்கவில்லையாம்

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இயக்குநர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்தெரு ஒன்றில் லேத் பட்டறை நடத்துகிறேன். இரண்டு சி.என்.சி. (கணினி வழி ஓடும் மெஷின்), மூன்று சாதா லேத், ஒரு மில்லிங், ஒரு ரேடியல் டிரில்லிங். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் வேலை செய்கிறோம். என் அண்ணன் மகன் சென்னையில் ஓர் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) ஃபிட்டர் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எந்த ஐ.டி.ஐ. என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற ஓரிருவருக்குத்தான் முதலில் மெமோ போகும் என்பது எனக்குத் தெரியும்.

அவன் வகுப்புக்கு இந்த ஆண்டும் ஓ.ஜே.டி., அதாவது தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி, கிடையாது, பதிலுக்கு குரூப் பிராஜெக்ட் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, 'அருகில் பொருத்தமான தொழிற்சாலை கிடைக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த நிலையத்தின் வாசலில் பஸ் ஏறினால் அம்பத்தூர் எஸ்டேட்டில் வந்து இறங்கலாம். இறங்கிய இடத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் பிரஸ் அடிக்கிற சத்தம் கேட்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தொழிற்சாலை கிடைக்கவில்லை என்று எழுத ஒரு கை துணிந்திருக்கிறது, அதற்கு மேலே இன்னொரு கை கையெழுத்தும் போட்டிருக்கிறது. அதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

விதி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இதைப் படிக்கிற பெற்றோர்களுக்காக எழுதுகிறேன். மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம் 2022இல் திருத்திய பாடத்திட்டத்தில் ஃபிட்டர் முதலாண்டுக்கு 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் டிரேட் தியரி, 120 மணி நேரம் எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் (வேலைக்குத் தயாராக்கும் பாடம்) என்று இருக்கிறது. இதற்கு மேல் ஆண்டுக்கு 150 மணி நேரம் பக்கத்துத் தொழிற்சாலையில் ஓ.ஜே.டி. இது கட்டாயம். தொழிற்சாலையே கிடைக்காத இடங்களுக்கு மட்டும்தான் குரூப் பிராஜெக்ட் என்கிற மாற்று வழி. ஏதாவது மலையடிவாரத்து ஊருக்கு அந்தச் சலுகை நியாயம். கிண்டி, பாடி, அம்பத்தூர், ஆவடி, மணலி, எண்ணூர், மறைமலை நகர், ஒரகடம் என்று சுற்றிலும் வேலை நடக்கிற சென்னைக்கு அது எப்படிப் பொருந்தும்? உங்கள் அலுவலகமே கிண்டியில் திரு.வி.க. தொழிற்பேட்டைக்குள்தான் இருக்கிறது. 1958இல் தொடங்கிய பேட்டை அது.

சரி, அந்த குரூப் பிராஜெக்டாவது ஒழுங்காக நடந்ததா என்றால், அதுவும் இல்லை. போன பேட்ச் பையன்கள் செய்துவைத்த பவர் ஹேக்ஸா (இரும்பு அறுக்கும் மெஷின்) மாடல் ஒன்று ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கிறது. அதை எடுத்துத் துரு தட்டி, பச்சை பெயின்ட் அடித்து, புதிய பெயர்ப் பலகை ஒட்டி வைத்தார்கள். பெயின்ட் செலவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். ரெக்கார்ட் நோட்டில் 150 மணி நேரமும் நிரம்பிவிட்டது. என் அண்ணன் மகன் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு அதில் எதை இழந்தோம் என்பதே தெரியவில்லை.

எதை இழந்தான் என்று எனக்குத் தெரியும். என் பட்டறைக்கு வேலை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஐ.டி.ஐ. முடித்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை கிடையாது. வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ., மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் 0.01 மி.மீ. என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஃபைலிங் கை நன்றாக இருக்கிறது. சி.என்.சி. காலத்தில் எதற்கு இன்னும் பையன்களை அரம் பிடிக்கவைக்கிறீர்கள் என்று கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரும்பு எங்கே விட்டுக்கொடுக்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதைக் கைக்குச் சொல்லித்தர அதைவிட மலிவான வழி இன்னும் வரவில்லை. உங்கள் ஆசிரியர்கள் அந்தப் பகுதியைச் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. ஒரு பையன் வந்தான், நல்ல மார்க். ஒரு ஷாஃப்ட் கொடுத்தேன். விட்டம் 25 மி.மீ., அதற்கு மேலே போகக் கூடாது, கீழே 0.021 மி.மீ. வரைக்கும் விடலாம். லேத்தில் ஓட்டினான், உடனே மைக்ரோமீட்டரை வைத்தான், அளவு சரியாக இருந்தது. வரிசையாக ஓட்டி டிரேயில் அடுக்கினான். மாலையில் நான் எடுத்து அளந்தால் சிலவற்றில் அளவு கீழே இறங்கியிருந்தது. சூடாக இருக்கும்போது அளந்திருக்கிறான். அந்த விட்டத்துக்கு நாற்பது டிகிரி சூடு இறங்கினாலே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சுருங்கிவிடும். வெப்பத்தில் உலோகம் விரியும் என்பது அவன் பாடத்தில் உண்டு, பரீட்சையில் எழுதியும் இருப்பான். ஆனால் ஐ.டி.ஐ. லேத்தில் இருபது பேர் முறை வைத்து மெதுவாக ஓட்டும்போது ஜாப் (கடைகிற துண்டு) அந்த அளவு சூடாவதே இல்லை. சூடானதைத் தொட்டால்தானே அது நினைவுக்கு வரும்.

அதுகூடப் பரவாயில்லை. அளவு இறங்கிய பீஸ் ஒன்று அவன் கண்ணிலும் பட்டிருக்கிறது. அதை அவன் சொல்லவில்லை, டிரேயில் அடியில் தள்ளிவிட்டான். நான் திட்டவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டேன். 'மார்க் போயிடும்னு பயம் சார்' என்றான். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவன் வாயில் மார்க் என்றுதான் வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வருடமாகக் கெட்டுப்போன ஜாப் என்றால் மார்க் குறையும், அதனால் மறைத்துவிடு என்றுதான் அவன் உடம்பு பழகியிருக்கிறது. எங்களிடம் ஒரு ஜாப் கெட்டால் இருநூறு ரூபாயோடு போகும். கெட்டதைச் சொல்லாமல் அடியில் தள்ளினால் அது டெலிவரி சலானோடு போய், கஸ்டமரின் அசெம்பிளியில் மாட்டி, மொத்த லாட்டும் திரும்பி வரும். ஒரு பட்டறையின் பெயர் கெட அது போதும். 'சார், இது போயிடுச்சு' என்று உடனே வந்து சொல்கிற பழக்கத்தை எந்த கிளாஸ் ரூமிலும் கற்றுக்கொடுக்க முடியாது. உண்மையான ஆர்டர், உண்மையான நஷ்டம், பக்கத்தில் நிற்கிற மேஸ்திரியின் முகம் இதெல்லாம் இருக்கிற இடத்தில்தான் அது வரும். அதற்குத்தான் அந்த 150 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் பத்தொன்பது நாள்கூட வராது. அந்தப் பத்தொன்பது நாளைத்தான் பச்சை பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள்.

2023இல் ஒரகடத்தில் தொடங்கிவைத்த தொழில் 4.0 (ரோபோ, கணினி சார்ந்த புதிய உற்பத்தி முறை) தொழில்நுட்ப மையங்களை நான் மறக்கவில்லை. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் 2,877 கோடி ரூபாய்த் திட்டம். ரோபோ, புதிய சி.என்.சி. எல்லாம் வந்திருக்கின்றன. அரசு இவ்வளவு செலவு செய்ததை மனதாரப் பாராட்டுகிறேன், என்னால் வாங்க முடியாத மெஷின்கள் அவை. ஆனால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வந்து நிற்கும், அதற்குள் லாட் முடிய வேண்டும் என்கிற நெருக்கடி அந்த ஹாலுக்குள் வராது. கரன்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த ஜாப்பை என்ன செய்வது, இரவு ஷிஃப்ட்காரரிடம் மெஷினை ஒப்படைக்கும்போது என்ன சொல்லிவிட்டுப் போவது, டிராயிங்கில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, எப்போது கேட்கக்கூடாது, இதெல்லாம் ஆர்டர் ஓடுகிற இடத்தில் மட்டுமே கிடைக்கிற சரக்கு. கோடிக்கணக்கில் மெஷின் வாங்கிய துறைக்கு, ஒரு பைசா செலவில்லாத இந்தப் பத்தொன்பது நாள் ஏன் பாரமாகிப்போனது என்றுதான் புரியவில்லை.

நான் வெறுமனே குறை சொல்ல வரவில்லை. அண்ணன் மகன் விஷயம் தெரிந்ததும் லெட்டர்பேடில் எழுதி எடுத்துக்கொண்டு அந்த நிலையத்துக்கே போனேன். ஒரு நேரத்தில் இரண்டு பேரை நான் எடுத்துக்கொள்கிறேன், பக்கத்துத் தெருவில் ஷீட் மெட்டல் செய்கிறவர், டை (உலோக அச்சு) செய்கிறவர் ஆகியோரிடமும் பேசிவிட்டேன் என்று சொன்னேன். பொறுப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், டீ வாங்கிக்கொடுத்தார். 'உங்க யூனிட் ரொம்பச் சின்னது சார். எம்.ஓ.யு. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போடணும்னா பெரிய கம்பெனியா இருக்கணும். அப்புறம், பையனுக்குக் கையில ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?' என்றார்.

இரண்டாவது கேள்வி நியாயமான கேள்வி, அதற்கு வருகிறேன். முதலாவதுதான் எனக்கு விளங்கவே இல்லை. தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. அதன் விதிகளை 2019இல் திருத்தினார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பழகுநர்களை (அப்ரென்டிஸ்) எடுத்தே ஆக வேண்டும், மொத்த ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை. நான்கு பேர் இருக்கிற நிறுவனம்கூட விரும்பினால் எடுக்கலாம். நான்கு பேர் இருக்கிற பட்டறையை நம்பி ஒரு முழு ஆண்டுக்குப் பழகுநரை அனுப்பலாம் என்று நாட்டின் சட்டம் சொல்கிறது. பதினொரு பேர் இருக்கிற பட்டறைக்குப் பத்தொன்பது நாள் அனுப்ப முடியாது என்று உங்கள் நிலையம் சொல்கிறது. இதை எந்த விதி சொல்கிறது என்று கேட்டேன். 'மேலே அப்படித்தான் சொல்றாங்க' என்றார். மேலே என்றால் உங்களைத்தான் சொல்கிறாரா என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

அந்தப் பெரிய கம்பெனிகளும்தான் என்ன செய்கின்றன? ஓ.ஜே.டி.க்குக் கேட்டால் செக்யூரிட்டி கேட்டைத் தாண்ட விடுவதில்லை. படிப்பு முடிந்ததும் கான்டிராக்டர் மூலமாக வேனை அனுப்பி மொத்தமாக ஏற்றிப்போகிறார்கள். போகிறவனுக்கு டிரெய்னி என்று ஒரு பேட்ஜ். ஒரே ஸ்டேஷன், ஒரே ஸ்குரு, ஒரு வருடம். அது முடிந்ததும் வேறு பேட்ச் வந்துவிடும், இவன் வெளியே. அப்படி வெளியே வந்த ஃபிட்டர் ஒருவனிடம் அரத்தைக் கொடுத்தேன், கற்றது கையைவிட்டுப் போயிருந்தது. சட்டப்படி பதிவான பழகுநராக அந்த ஒரு வருடத்தை ஓட்டியிருந்தால் முடிவில் அகில இந்திய அளவில் பரீட்சை உண்டு, தேசிய பழகுநர் சான்றிதழ் உண்டு. 2019 விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை, அதில் கால் பங்கை 1,500 ரூபாய் வரைக்கும் மத்திய அரசு ஏற்கிற திட்டமும் உண்டு. கான்டிராக்டரின் டிரெய்னிக்கு முடிவில் கையில் எந்தச் சான்றிதழும் மிஞ்சுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பையன்களுக்குத் தெரியாது. வேனில் ஏறும்போது மாதம் எவ்வளவு, சாப்பாடு உண்டா என்ற இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்.

இதைச் சொல்லித்தரத்தான் எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் பாடம் இருக்கிறது, 120 மணி நேரம். அண்ணன் மகனின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்பதற்கு ஒரு பக்க ஆங்கிலப் பதில் அழகான கையெழுத்தில் இருந்தது. அவன் தன்னைக் கடின உழைப்பாளி என்றும் குழுவோடு இணைந்து செயல்படுகிறவன் என்றும் எழுதியிருந்தான், அவன் பக்கத்தில் உட்காருகிறவனும் வரிக்கு வரி அதையேதான் எழுதியிருக்கிறான். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மெயில் அனுப்பத் தெரிய வேண்டும். அதோடு ஒரு சம்பளச் சீட்டைக் கொடுத்து இதில் பி.எஃப். எங்கே, இ.எஸ்.ஐ. எங்கே, ஓ.டி. எப்படிக் கணக்கு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்காரவைத்துக் காட்டலாமே? ஒரு பழகுநர் ஒப்பந்தத்தையும் கான்டிராக்டர் நீட்டுகிற வெள்ளைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லலாமே?

ஆசிரியர்களைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை நீங்கள் கீழே தள்ளிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஜே.டி.ஓ. (ஐ.டி.ஐ. பயிற்சி ஆசிரியர்) ஒருவர் காலையில் வருகைப்பதிவை ஏற்றுகிறார், அப்புறம் மாதம் 750 ரூபாய் உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு சரிபார்க்கிறார், பஸ் பாஸுக்குப் போட்டோ ஒட்டுகிறார், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் விண்ணப்பங்களைப் பார்க்கிறார். நல்ல திட்டங்கள், பிள்ளைகளுக்குத் தேவையானவை. ஆனால் இத்தனைக்கும் நடுவில் அவர் எப்போது எஸ்டேட்டுக்கு வந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி ஓ.ஜே.டி.க்கு இடம் கேட்பார்? அதற்கென்று ஓர் ஆள் இல்லாததால்தான் 'கிடைக்கவில்லை' என்கிற வரி அவ்வளவு சுலபமாக விழுகிறது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அபாயமான தொழிலுக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது சரிதான். பிரஸ் ஷாப்பிலும் முலாம் பூசுகிற இடத்திலும் அவர்களை அனுமதிக்க நானே சம்மதிக்க மாட்டேன். எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. பாதுகாப்பு மூடி இல்லாத கிரைண்டர், செருப்புக் காலோடு வேலை, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத பட்டறைகள் இந்தத் தெருக்களில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்து நிராகரியுங்கள். வந்து பார்த்து நிராகரிப்பதை யாரும் தவறு சொல்ல மாட்டோம். வராமலேயே இல்லை என்று எழுதுவதைத்தான் கேட்கிறோம்.

தனியார் பட்டறை மேல் நம்பிக்கை இல்லை என்றால் அரசின் சொந்தப் பட்டறைகள் இல்லையா? டீசல் மெக்கானிக் படிக்கிறவனுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் டிப்போக்கள் அயனாவரத்திலும் அம்பத்தூரிலும் வடபழனியிலும் இருக்கின்றன. எலக்ட்ரீஷியனுக்கு மின்வாரியத்தின் துணைமின் நிலையங்கள். குளிர்சாதனப் பிரிவுக்கு மாதவரத்திலும் அம்பத்தூரிலும் ஆவின் பால்பண்ணைகள், அங்கே குளிரூட்டும் இயந்திரம் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தாலே பாதிப் பாடம் ஏறிவிடும். இவை எல்லாம் ஒரே அரசின் கீழ் இருக்கின்றன. ஒரு துறை இன்னொரு துறைக்குக் கடிதம் எழுதினால் போதும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஓ.ஜே.டி.க்குப் பதிலாக குரூப் பிராஜெக்ட் நடத்துவதானால் நிலைய முதல்வர் கையெழுத்து மட்டும் போதாது, எந்தெந்த நிறுவனங்களை அணுகினார்கள், அவை என்ன பதில் சொல்லின என்ற பட்டியலோடு உங்கள் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று உத்தரவிடுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த நான்கு மாவட்டங்களில் எத்தனை மாணவர்கள் உண்மையில் தொழிற்சாலைக்குப் போனார்கள், எத்தனை பேர் பிராஜெக்டோடு முடித்தார்கள் என்பதை நிலையம் வாரியாக வெளியிடுங்கள். ஆர்.டி.ஐ. போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால் போடவும் தயார், ஆனால் பெற்றோர் அட்மிஷனுக்கு முன்பே பார்க்க வேண்டிய கணக்கு இது.

நான்கு பேரோ அதற்கு மேலோ இருக்கிற பட்டறையும் ஓ.ஜே.டி.க்குத் தகுதியானதே என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். எம்.ஓ.யு.வை இரண்டு பக்கத் தமிழ்ப் படிவமாக்குங்கள். பாதுகாப்புக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வகுத்து, அதன்படி பட்டறையைப் பார்த்துச் சான்று தரட்டும். போகிற மாணவருக்கு அந்த நாட்களுக்குக் குழு விபத்துக் காப்பீட்டைத் துறையே எடுக்கட்டும். அதற்கான பிரீமியத்தில் பங்கு தர எங்களைப் போன்றவர்கள் மறுக்க மாட்டோம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு என்றிருக்கிற பஸ் பாஸ் அந்த நாட்களில் பட்டறைக்கும் செல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு ஆசிரியரை மற்ற எழுத்து வேலைகளிலிருந்து விடுவித்து, எஸ்டேட்டுக்குப் போய் இடம் பிடிப்பதையும் பிள்ளைகளை அங்கே வந்து பார்ப்பதையும் அவர் பொறுப்பாக்குங்கள்.

போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், ஆவின் மூன்றிலும் வரும் கல்வியாண்டுக்கே இடம் ஒதுக்கக் கேட்டு எழுதுங்கள். கான்டிராக்டர் வேன் வாசலுக்கு வரும் முன், ஐ.டி.ஐ. கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் பழகுநர் ஒப்பந்தம் என்றால் என்ன, டிரெய்னி என்றால் என்ன என்பதைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

இந்த மடலின் நகலைக் கையெழுத்தோடும் பட்டறை முகவரியோடும் உங்கள் கிண்டி அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். ஷீட் மெட்டல்காரரும் டை செய்கிறவரும் தங்கள் பங்குக்கு இரண்டிரண்டு இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், என்னுடையதையும் சேர்த்தால் ஆறு பேர். எந்தப் பிரிவிலிருந்து, எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள் என்பதை அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்தும் ஒரு பழைய ஐ.டி.ஐ. மாணவன்